ஆமென் சொல்லும் வரை

எங்கள் கம்பெனியில் ஆமென் சொன்ன பிறகுதான் தொட்டிக்குள் இறங்குவார்கள்.

இது எந்த விதியிலும் இல்லை. அன்புசெல்வன் சார் கொண்டுவந்த பழக்கம். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் சாயப்பொருள் தயாரிக்கும் சிறிய கம்பெனி எங்களுடையது. கழிவுநீர்ப் பகுதிக்கு அவர்தான் சூப்பர்வைசர். யாராவது தொட்டிக்குள் இறங்க வேண்டியிருந்தால் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, சத்தமாக ஜெபிப்பார். சுற்றி நிற்பவர்கள் பெரும்பாலும் கிறிஸ்தவர்கள் இல்லை. இருந்தாலும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். அவர் முடித்ததும் எல்லோரும் ஆமென் என்பார்கள். அந்தச் சொல் காதில் விழுந்ததும் இறங்குகிறவர் ஏணியின் முதல் படியில் கால் வைப்பார்.

அதற்கு முன்னால் என் வேலை ஒன்று இருக்கிறது. நான் லேபில் கெமிஸ்ட். விஷவாயு இருக்கிறதா என்று காட்டும் கேஸ் மீட்டரைக் கயிற்றில் கட்டித் தொட்டிக்குள் விட்டு, திரையைப் பார்த்து, "சரி" என்று சொல்ல வேண்டும். நான் மெதுவாகச் சொல்வேன். அவர் சத்தமாக ஜெபிப்பார். நாளடைவில் எல்லோரும் என் சொல்லுக்குக் காத்திருப்பதை விட்டுவிட்டு அவர் ஜெபத்துக்குக் காத்திருக்கப் பழகிவிட்டார்கள். எனக்கும் அது வசதியாகவே இருந்தது.

எனக்குச் சத்தமாகப் பேச வராது. வெள்ளிக்கிழமை மாலைகளில் பொன்னேரியில் அன்புசெல்வன் சாரின் வீட்டு மாடியில் ஜெபக்கூட்டம் நடக்கும். அங்கே அவரை பிரதர் என்று கூப்பிடுவேன், கம்பெனியில் சார். கூட்டத்தின் முடிவில் சங்கிலி ஜெபம் இருக்கும். வட்டமாக உட்கார்ந்து ஒருவர் பின் ஒருவராக வாய்விட்டு ஜெபிக்க வேண்டும். முடியாதவர்கள் "ஸ்தோத்திரம்" என்று மட்டும் சொல்லி அடுத்தவருக்கு விட்டுவிடலாம். என் முறை வருவதற்கு வெகு நேரம் முன்பே என் உள்ளங்கை வேர்க்கத் தொடங்கிவிடும். நான் ஒருமுறைகூட ஸ்தோத்திரத்தைத் தாண்டியதில்லை.

எங்கள் வீட்டில் நெல் நிலம், குலதெய்வம், ஆடி மாதக் கூழ் எல்லாம் உண்டு. கல்லூரியில் படிக்கும்போது நான் ஜெபிக்கத் தொடங்கியது அப்பாவுக்குத் தெரிந்து பெரிய சண்டையானது. அன்புசெல்வன் சார்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊருக்கு வந்து, கீழே உட்கார்ந்து, அம்மா கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, "ஐயா, நர்மதா என் கூடப்பொறந்த தங்கச்சி மாதிரி. வேலைக்கும் நான் பொறுப்பு, பாதுகாப்புக்கும் நான் பொறுப்பு" என்றார். அப்பாவுக்கு அவரைப் பிடித்துப்போனதால்தான் என்னை வேலைக்கும் கூட்டத்துக்கும் விட்டார். அவர் ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் இரண்டும் போய்விடும். அது எனக்குத் தெரியும்.

அன்று ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. கழிவுநீர்த் தொட்டியின் பம்ப் வாயில் ஏதோ துணியோ பிளாஸ்டிக்கோ அடைத்துக்கொண்டது. வேறொரு பம்பைப் போட்டுத் தண்ணீரை இறக்கினார்கள். ஆனால் அந்தச் சிறிய பம்ப் வெகுநேரம் தாங்காது, ஒரு பக்கம் புதுத் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. யாராவது இறங்கி, அடியில் கிடக்கும் சேற்றில் நின்று, அடைப்பைக் கையால் பிடுங்க வேண்டும்.

நான் லேபில் மீட்டரை எடுத்தேன். அதைச் சோதிக்கும் வாயு டப்பா தீர்ந்து பல மாதம் ஆகிவிட்டது. கேட்டுக் கேட்டு நான் கேட்பதையே விட்டிருந்தேன். மேஜைமேல் ஒரு பாட்டிலில் அதே தொட்டியின் சேறு இருந்தது, சோதனைக்கு எடுத்து வந்தது. ஏதோ தோன்றி அதன் மூடியைத் திறந்தேன். அழுகிய முட்டை நாற்றம் முகத்தில் அடித்தது. மீட்டரைப் பாட்டிலின் வாய்க்குக் கொண்டுபோனேன்.

திரையில் பூஜ்யம்.

அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். பாட்டிலைக் குலுக்கிவிட்டு வைத்தேன். எனக்குக் கண்ணில் நீர் வந்தது. மீட்டர் பூஜ்யத்திலிருந்து அசையவில்லை.

அன்புசெல்வன் சார் ஆபீஸ் வாசலில் போனில் பேசிக்கொண்டிருந்தார். முடிக்கும்வரை நின்றேன்.

"சார், மீட்டர் வேலை செய்யல."

"நேத்துகூடப் பாத்தமேம்மா. பூஜ்யம் காட்டுச்சே."

"எப்பவும் அதத்தான் சார் காட்டுது. நாத்தத்துல புடிச்சாலும் அதத்தான் காட்டுது."

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "புது சென்சாருக்குச் சொல்லியாச்சு, வந்துடும். இப்போ தொட்டி ரொம்பி ரோட்டுல ஓடுனா இன்னா ஆவும் தெரியுமா? கம்பெனிய மூடு மூடுன்னு வந்து நிப்பானுங்க. எத்தனை குடும்பம் இத நம்பிக்கினு கீது?" குரலைத் தணித்தார். "நர்மதா, இத்தனை வருஷமா எறங்கிக்கினுதான கீறோம். யாருக்காவது ஒரு கீறல் உண்டா? காப்பாத்துனது யாரு? மீட்டரா?"

காப்பாற்றியது யார் என்ற கேள்விக்கு ஒரு விசுவாசி என்ன பதில் சொல்ல வேண்டுமோ அது எனக்குத் தெரியும். பக்கத்துக் கம்பெனியில் மீட்டர் கேட்கலாமே என்பது தொண்டை வரை வந்தது. அதற்குள் அவர் போன் மறுபடி அடித்தது. "நீ வந்து ஜெபத்துல நில்லு" என்று கையைக் காட்டிவிட்டு நடந்தார்.

தொட்டியின் வாய் தரையோடு தரையாக இருக்கும், ஓர் ஆள் நுழையும் அகலத்தில். அதன் பக்கத்தில் தணிகைவேல் அண்ணன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். ஒப்பந்த ஆள். ஊரில் கொஞ்சம் நிலம் வைத்திருக்கிறார். நெற்றியில் எப்போதும் விபூதி இருக்கும். கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருந்தவர் அவர் மச்சான் லோகு.

"நாஷ்டா துன்னுட்டியா மச்சான்?" என்றார் லோகு. "உள்ள போய்ட்டு வந்தா அப்பால எதுவும் எறங்காது."

"உன் ஊட்டு சாம்பார மோந்து பழகுன மூக்குடா இது. இதெல்லாம் ஒரு நாத்தமா?" தணிகைவேல் அண்ணன் என்னைப் பார்த்தார். "இன்னா பாப்பா, மூஞ்சி இப்டி வெளுத்துப் போச்சு? எறங்கறது நானு. நீ இன்னாத்துக்குப் பயந்துக்கினு கீற?"

"அண்ணே, நாத்தம் எப்படி இருக்கு?"

அவர் குனிந்து மோந்து பார்த்தார். "காத்தால மூடியத் தொறந்தப்போ கொடலப் புடுங்குச்சு. இப்போ ஒண்ணியும் காணோம். அடங்கிப்போச்சு."

எனக்கு நாற்றம் அடித்துக்கொண்டிருந்தது.

நான் அப்போதுதான் அங்கே வந்திருந்தேன். அவர்கள் காலையிலிருந்து நிற்கிறார்கள். சேற்றிலிருந்து வரும் இந்த வாயு முதலில் மூக்கைக் கொல்லும். நாற்றம் தெரியும்வரை ஓட நேரம் இருக்கிறது என்று அர்த்தம். தெரியாமல் போனால் மனிதன் சந்தோஷமாக உள்ளே போவான். அடியில் சேற்றைக் கலக்கினால் இன்னும் கிளம்பும். அங்கே நிறைய இருந்தால் இரண்டு மூச்சு போதும், கயிற்றை இழுக்கச் சொல்லிக் குரல்கூடக் கொடுக்க முடியாது. இதெல்லாம் பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியது.

"மீட்டர விடும்மா" என்றார் அன்புசெல்வன் சார்.

கயிற்றில் இறக்கினேன். பூஜ்யம். மேலே எடுத்தேன். நான் சரி என்று சொல்லவில்லை. ஆனால் நான் சொன்னாலே யாருக்கும் கேட்காது. அதனால் சொல்லாததும் யாருக்கும் கேட்கவில்லை. அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். எல்லோரும் கையைக் கட்டினார்கள். லோகு வாயிலிருந்த பாக்கைத் துப்பிவிட்டு வந்து நின்றார்.

"அன்பின் பரலோகப் பிதாவே" என்று தொடங்கினார்.

அவர் நடிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. தணிகைவேல் அண்ணனின் பெயரைச் சொல்லி, அவர் மனைவி பெயரைச் சொல்லி, பதினொன்றாவது படிக்கும் மகளைச் சொல்லி, எறங்குற காலையும் நீரே புடிச்சுக்கும், ஏறுற கையையும் நீரே புடிச்சுக்கும் ஆண்டவரே என்று கேட்டார். அவர் குரல் தழுதழுத்தது. மழைத் துளிகள் அவர் வழுக்கைத் தலையில் விழுந்தன. நான் கண்ணை மூடவில்லை. தணிகைவேல் அண்ணனின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரப்பர் பூட்ஸ். வலது கால் ஏற்கெனவே ஏணிப் பக்கம் திரும்பியிருந்தது.

"...இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம் எங்கள் பிதாவே."

ஆமென் வர வேண்டிய இடம்.

"ஆண்டவரே" என்றேன்.

என் குரல்தான். யோசித்துச் செய்யவில்லை. அவர் பேச்சை நடுவில் வெட்டி 'வேண்டாம் சார்' என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. ஆனால் ஜெபத்தை யாரும் வெட்ட மாட்டார்கள் என்று உடம்புக்குள் எங்கோ தெரிந்திருந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"ஆண்டவரே, மீட்டர் வேலை செய்யல. பாட்டில்ல வெச்சுப் பாத்தேன், பூஜ்யம்தான் காட்டுது. இன்னா கீது உள்ளன்னு எங்க யாருக்கும் தெரியாது. உமக்குத்தான் தெரியும். தணிகைவேல் அண்ணனுக்கு நாத்தம் தெரியல ஆண்டவரே. எனக்குத் தெரியுது."

யாரோ கால் மாற்றி நிற்கும் சத்தம் கேட்டது. நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் ஆமென் வந்துவிடும். ஆமென் வந்தால் கால் படியில் போய்விடும். தணிகைவேல் அண்ணனின் மகளுக்காக ஜெபித்தேன். அவளுடைய கெமிஸ்ட்ரி பரீட்சைக்காக ஜெபித்தேன். பம்புக்காக, மழைக்காக, வரப்போகிற சென்சாருக்காக. நீச்சல் தெரியாதவள் தண்ணீரில் கையை அடிப்பதுபோல வார்த்தைகளை அடித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வாக்கியம் முடியும்போதும் அடுத்தது இருக்கவில்லை.

"எம்மாம் நேரம் மச்சான் இது" என்று லோகு கிசுகிசுத்தார்.

"பேசாத கெட. சாமி கும்பிட்டுக்கினு கீது." பிறகு தணிகைவேல் அண்ணனின் குரல் மாறியது. "இன்னாது, மீட்டரு செத்துப்போச்சாமா?"

கயிறு தரையில் இழுபடும் சத்தம் வந்தது. "குடு இத" என்று யாரோ சொன்னார்கள். பிறகு இரும்பு ஏணியில் பூட்ஸ் படும் சத்தம்.

கண்ணைத் திறந்தேன். அன்புசெல்வன் சார் கயிற்றைத் தன் இடுப்பில் சுற்றியிருந்தார். ஒரு கால் தொட்டிக்குள் படியில் இருந்தது. முகம் சிவந்து போயிருந்தது.

"பயந்தவங்க யாரும் எறங்க வேணாம்" என்றார். "நான் எறங்கறேன். நான் ஜெபிச்சா நானே எறங்கறதுதான் நியாயம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நானும் அவர் செய்ததையேதான் செய்துகொண்டிருந்தேன். ஆண்டவருக்கு மீட்டரைப் பற்றி ஏற்கெனவே தெரியும். தெரிய வேண்டியது இவருக்கு. இவரிடம் நேராகச் சொல்லப் பயந்து, ஆண்டவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நடந்து போய் அவர் இடுப்புக் கயிற்றைப் பிடித்தேன். என் கை நடுங்கியதில் கயிறும் நடுங்கியது.

"அண்ணா, எறங்காதீங்க."

அவரை அண்ணா என்று அதுவரை கூப்பிட்டதில்லை.

"கைய எடு நர்மதா."

"எடுக்க மாட்டேன்."

"நீ விசுவாசிதான?"

"ஆமாண்ணா." அழுகை வந்தது. "அதனாலதான் என்னால ஆமென் சொல்ல முடியல. மீட்டர் செத்துப்போச்சுன்னு தெரிஞ்சும் சொன்னா, அது ஆண்டவர்கிட்ட பொய் சொல்றது. எனக்குப் பயமா இருக்கு. உங்களப் பாத்தும் பயமாத்தான் இருக்கு. ஆனா அது அதவிடப் பயமா இருக்கு."

அவர் என்னையே பார்த்தார். எல்லோருக்கும் முன்னால், தான் வேலை வாங்கிக் கொடுத்த பெண். இனி கூட்டத்துக்கு வராதே என்று சொல்வார், அப்பாவுக்குப் போன் செய்வார் என்று நினைத்தேன். கயிற்றை மட்டும் விடவில்லை.

தணிகைவேல் அண்ணன்தான் பேசினார். "சார், கால வெளிய எடு. நான் ஊட்டுக்குப் போவணும், நீயும் ஊட்டுக்குப் போவணும். சாமி எங்கியும் ஓடிடாது."

"பக்கத்துக் கம்பெனியில என் சகல கீறான்" என்றார் லோகு. "மீட்டரு வாங்கியாரட்டா? வண்டியில போனா தோ, வந்துருவேன்."

அவ்வளவு எளிதாக இருந்தது அது.

அன்புசெல்வன் சார் காலை வெளியே எடுத்தார். கயிற்றை அவிழ்க்கவில்லை. யாரிடமும் பேசாமல் சுவரோரம் போய் நின்றுகொண்டார். லோகுவின் வண்டி கேட்டைத் தாண்டியது.

அந்தக் காத்திருப்பு ஜெபத்தின்போது இருந்ததைவிடக் கொடுமையாக இருந்தது. தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்த மீட்டரும் பூஜ்யம் காட்டினால்? ஜெபிக்கலாம் என்று கண்ணை மூடினேன். எதைக் கேட்பது என்று தெரியவில்லை. உள்ளே விஷம் இருக்கட்டும் என்று கேட்க முடியுமா? இல்லாமல் இருக்கட்டும் என்று கேட்டால் நான் என்ன ஆவேன்? இரண்டையும் கேட்காமல் கண்ணைத் திறந்துவிட்டேன்.

லோகு மஞ்சள் நிற மீட்டர் ஒன்றைச் சட்டைக்குள் மழை படாமல் கொண்டுவந்தார். முதலில் அதை லேபிலிருந்த என் சேற்றுப் பாட்டிலில் காட்டினேன். உடனே அலறியது. நான் பின்னால் குதித்துவிட்டேன். அமைதியானதும் கயிற்றில் கட்டித் தொட்டிக்குள் இறக்கினேன். மேற்பகுதியில் சும்மா இருந்தது. ஏணியின் பாதி உயரத்தில் சும்மா இருந்தது. என் காது சூடானது. அன்புசெல்வன் சார் சுவரைவிட்டு ஓரடி முன்னால் வந்தார்.

அடிக்குப் போகும் முன்னே அலறத் தொடங்கியது. நிறுத்தவே இல்லை. கீழே இருட்டில் சிவப்பு விளக்கு மின்னி மின்னி அணைவது மேலிருந்து தெரிந்தது, சரியாக ஓர் ஆள் நின்றால் முகம் இருக்கும் உயரத்தில்.

எல்லோரும் பின்வாங்கினோம். யாரும் சொல்லாமலே. மீட்டரை மேலே இழுத்து எண்ணைப் பார்த்தேன். சத்தமாகப் படித்துக் காட்டினேன். எண்ணின் அர்த்தம் அவர்களுக்குத் தெரியாது. "எறங்குனவங்க செத்திருப்பாங்க" என்றேன்.

தணிகைவேல் அண்ணன் தொட்டியின் வாயைப் பார்த்தார். "டேய் லோகு, உன் ஊட்டு சாம்பாரே தேவலடா" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை. ஒதுங்கிப் போய் வாந்தி எடுத்தார்.

அன்புசெல்வன் சார் ஈரச் சிமெண்ட் தரையில் உட்கார்ந்திருந்தார், ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு. "இத்தன வருஷமா..." என்றார்.

தொட்டி நிரம்பியது, தண்ணீர் ரோட்டில் ஓடியது, மேலே இருப்பவர்கள் கத்தினார்கள். கம்பெனியை யாரும் மூடவில்லை. மறுநாள் காற்று ஊதும் இயந்திரத்தோடும் முகக்கவசத்தோடும் வெளியாட்கள் வந்து அடைப்பை எடுத்தார்கள். ஒரு பழைய புடவைத் துண்டு.

அதன் பிறகு அன்புசெல்வன் சார் என்னிடம் வேலை விஷயத்தைத் தவிர எதுவும் பேசவில்லை. வீட்டில் போன் அடித்தால் அப்பாவுக்கு முன்னால் நான் ஓடினேன். வெள்ளிக்கிழமை வந்தபோது தலைவலி என்று போகாமல் இருந்துவிடலாம் என்று நினைத்தேன். பிறகு, அதுவும் ஒரு பொய்தானே என்று தோன்றிக் கிளம்பினேன்.

அவர் மனைவி சுமலதா அக்கா கதவைத் திறந்தார். "வா நர்மதா" என்றார். என் கையைக் கொஞ்சம் அதிக நேரம் பிடித்திருந்தார். அவருக்குத் தெரிந்திருக்கிறது. மாடி அறையில் அன்புசெல்வன் சார் ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

பாட்டு முடிந்தது, வேத வாசிப்பு முடிந்தது. சங்கிலி ஜெபத்துக்குத் தலை குனிந்தோம். எப்போதும் அவர்தான் தொடங்குவார். அவர் ஜெபம் எல்லோருடையதையும்விட நீளமாக இருக்கும். அவரிடமிருந்து சுமலதா அக்காவுக்கு, அக்காவிடமிருந்து எனக்கு. நான் வழக்கம்போல ஸ்தோத்திரத்தை நாக்கில் தயாராக வைத்திருந்தேன்.

மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. அவர் தொடங்கவில்லை. யாரோ தொண்டையைச் செருமினார்கள். ஒரு ரயில் ஸ்டேஷனுக்கு வந்து நின்று கிளம்பியும் போனது. நான் லேசாகக் கண்ணைத் திறந்து பார்த்தேன். அவர் வாய் அசைந்தது, குரல் வரவில்லை. முழங்கால்மேல் இருந்த அவர் கை, அன்று என் கை நடுங்கியதுபோலவே நடுங்கியது.

"ஸ்தோத்திரம்" என்றார் கடைசியில். அவ்வளவுதான்.

சுமலதா அக்கா திரும்பிக் கணவரைப் பார்த்தார். அக்காவுக்கும் எதுவும் வரவில்லை. "ஸ்தோத்திரம்" என்றார்.

என் முறை.

நாக்கில் இருந்த சொல்லைச் சொன்னால் அடுத்தவரிடம் போய்விடும். நான் சொல்லவில்லை. மின்னிக்கொண்டிருந்த அந்தச் சிவப்பு விளக்கு கண்ணுக்குள் வந்து வந்து போனது.

"ஆண்டவரே" என்றேன். "எங்களுக்குப் பயமா இருக்கு."

அடுத்த வாக்கியம் என்னிடம் இல்லை. தேடிக்கொண்டிருந்தேன். அப்போது ஆண்கள் பக்கத்திலிருந்து, மிக மெதுவாக, "ஆமா, ஆண்டவரே" என்றார் அவர்.